பட்டாணியில் சோப்பு வாசம்

ஃபின்பார் மினிஹேன் முப்பது வருடத்துக்கு மேல் பால் லாரி ஓட்டினார். அயர்லாந்தில் பான்ட்ரி ஊருக்குத் தெற்கே ட்ரிமீன் வட்டாரத்தில் அவருக்குத் தெரியாத பண்ணை கிடையாது. மாடு தெரியும், கதவின் கொக்கி தெரியும், நாயின் பெயர் தெரியும். நாய்களில் பாதி அவரைக் கடித்தவை. மீதிப் பாதிக்குப் பல் இல்லை.

நடுத்தர உயரம். பெரிய காது. சின்னக் குரல், பொய் சொல்லும்போது அது இன்னும் சின்னதாகிவிடும். மனைவி ஐலிக்கு இது கல்யாணமான வாரமே தெரிந்துபோனது. அதனால் ஃபின்பார் வீட்டுக்குள் பொய்யே சொல்வதில்லை. உண்மையைத்தான் சொல்வார், தனக்கு வேண்டிய இடத்தில் நறுக்கி.

சமையல் தெரியாது. தேநீர் நன்றாகப் போடுவேன் என்பார். குடித்தவர்கள் பேச்சை மாற்றுவார்கள். ஆனாலும் ஊர் அவரை இன்றைக்கு நினைத்துக்கொள்வது ஒரு சாப்பாட்டுக்காகத்தான்.

ஜனவரி ஆறு, பெண்கள் கிறிஸ்துமஸ். அன்று பெண்கள் வெளியே போய் உட்கார்ந்து குடித்துப் பேசிச் சிரிக்கவேண்டும். ஆண்கள் அடுப்படியில் நின்று சாப்பாடு செய்யவேண்டும். கார்க் மாவட்டத்தில் இது சட்டம் மாதிரி. சட்டம் மாதிரி என்பதால் எல்லோரும் அதை ஏமாற்றினார்கள். முந்தின நாளே பெண்கள் அத்தனை தொடுகறிகளையும் செய்து, தட்டுப் போட்டு மூடி, அடுக்கி வைத்துவிடுவார்கள். ஆண்கள் சூடு செய்வார்கள். சாயங்காலம் மனைவியின் ஏப்ரனைக் கட்டிக்கொண்டு வாசலில் நிற்பார்கள். பெண்கள் தங்கள் கைச்சமையலையே தின்றுவிட்டு, "பரவாயில்லையே, நல்லாத்தான் இருக்கு" என்பார்கள். இப்படி ஒரு தலைமுறை மரியாதையாகவே கழிந்தது.

எண்பத்து நாலாம் வருடம் இலையுதிர் காலத்தில் ஐலியின் அக்கா நோனி இறந்துபோனார். அக்காவும் தங்கையும் ஒரு ஜனவரி ஆறாம் தேதியைக்கூட விட்டதில்லை. கிராமத்து பப்பில் ஜன்னல் ஓரத்து மூலை அவர்களுடையது. நோனிக்கு வெந்நீர் ஊற்றிய விஸ்கி, ஐலிக்கு ஷெரி ஒயின். யார் தலைமுடிக்கு என்ன சாயம் பூசியிருக்கிறார்கள் என்பதில் தொடங்கி, பாதிரியாரின் புதுப் பல்செட் வரைக்கும் ஒன்றையும் விட்டுவைக்க மாட்டார்கள்.

அந்த வருடம் மினிஹேன் வீட்டிலிருந்து ஒருவருக்கும் கிறிஸ்துமஸ் அட்டை போகவில்லை. துக்க வீடு அட்டை அனுப்பாது. பண்டிகையன்று ஐலி குறைவில்லாமல் சமைத்தார். பிள்ளைகளுக்குப் பரிமாறினார். பிறகு ஒரு முள்கரண்டியால் தன் தட்டில் இருந்ததை வடக்கிலிருந்து தெற்குக்கு நகர்த்தினார். சிரிப்பு என்பது அந்த முகத்தைவிட்டுப் போய் மூன்று மாதமாகியிருந்தது.

புது வருடம் பிறந்த மறுநாள், துணி மடித்துக்கொண்டே சொன்னார்:

"ஆறாந்தேதி நான் போகல."

"ஏன்?"

"அதுக்கு முன்னாடி நாள் பூரா சமைச்சு வச்சிட்டுப் போகணும். எனக்கு உடம்புல தெம்பு இல்ல."

அது காரணம் இல்லை என்று இரண்டு பேருக்கும் தெரியும். ஃபின்பார் அந்தக் காரணத்தையே பிடித்துக்கொண்டார். வேறு எதைப் பிடித்தாலும் கையோடு வந்துவிடும் போலிருந்தது.

"நான் செய்றேன்."

"எத?"

"எல்லாத்தையும்."

ஐலி மடித்த துணியைக் கீழே வைத்தார். "பன்றித்தொடைய தண்ணியில போட்டா அதுவே வெந்துக்கும். கழுதகூட வேக வச்சிரும். நான் கேக்குறது கூட வைக்கிறதெல்லாம்."

"அதத்தான் நானும் சொல்றேன்."

"உருளக்கிழங்கு ரெண்டு விதம். கேரட்டும் பார்ஸ்னிப் கெழங்கும் மசிச்சது. குட்டிக் கோஸு. பட்டாணி. ரொட்டிப் பூரணம். கறிச்சாறு. அத்தனையும் ஒரே நேரத்துல சூடா மேஜைக்கு வரணும். ஒண்ணு ஆறிப்போனாலும் அது விருந்து இல்ல, நேத்து மிச்சம்."

"வரும்."

"ஆமா, பக்கத்து வீட்டு ஜூலியா ஓடிவந்து செஞ்சு குடுப்பா. இல்லாட்டி ஒங்க அக்கா பான்ட்ரியிலேர்ந்து பஸ் ஏறுவா."

"ஒரு பொம்பள கையும் படாது. சத்தியம்."

குரல் சின்னதாகவில்லை. ஐலி அதைக் கவனித்தார்.

"பட்டுச்சுன்னா?"

"அதுக்கப்புறம் போன்னு ஒன்ன நான் சொல்லவே மாட்டேன்."

"சரி. நீ தோத்தா, ஆறாந்தேதிங்கிற பேச்சே இந்த வீட்டுல இருக்கக்கூடாது. ஒரேயடியா."

ஐலி அதைச் சொன்ன விதத்தில் ஃபின்பாருக்குப் புரிந்துபோயிற்று. தோற்றுக்கொடு என்றுதான் கேட்கிறார். இந்தக் கதவு மூடினால் பிறகு திறக்காது.

மறுநாள் பால் எடுக்கப் போகும்போது லாரியிலேயே யோசித்தார். அடுப்பில் வளையம் நாலு. சுடுவதற்கு ஓவன் ஒன்று. கை இரண்டு, அவையும் கியர் போடத்தான் பழகியவை. ஆறேழு தொடுகறி ஒரே நேரத்தில் வராது. எப்படிக் கூட்டினாலும் கணக்கு இடித்தது.

மூன்றாவது பண்ணையில் குழாயை மாட்டிவிட்டு நிற்கும்போது வழி தெரிந்தது. எந்தப் பண்ணையும் லாரியை நிரப்புவதில்லை. ஒவ்வொருவனும் தன்னிடம் இருப்பதைக் கொடுக்கிறான். சேர்ப்பது லாரியின் வேலை. அதையே திருப்பிப் போட்டால் போதும்.

அன்று மாலை கஸ் கிங்ஸ்டனின் பால் கறக்கும் கொட்டகையில் நாலு பேர் கூடினார்கள். பக்கத்துப் பக்கத்து வீட்டுக்காரர்கள். கஸ் ஒல்லி, அளந்து பேசுபவர், வேறு சர்ச்சுக்காரர். டைக் டீசி உருளைக்கிழங்கு விவசாயி. வேறு எந்த விஷயத்திலும் அவருக்குக் கருத்து கிடையாது. பேட் ஹூரிஹன் கதவை அடைத்துக்கொண்டு நிற்கிற ஆகிருதி. மனைவி ஜூலியாவைத் தவிர எதற்கும் பயப்படாதவர்.

ஃபின்பார் விஷயத்தைச் சொன்னார். பன்றித்தொடை அவனவன் வீட்டில். ஆளுக்கு ஒன்றோ இரண்டோ தொடுகறி, நாலு வீட்டுக்கும் சேர்த்து. வண்டி பிரித்துக் கொடுக்கும். நாலு மேஜையிலும் முழு விருந்து.

"எங்க சர்ச்சுல இந்தப் பண்டிகையே இல்லையே," என்றார் கஸ்.

"ஒம் பொண்டாட்டி போறாங்கல்ல?"

"அவ எந்தச் சர்ச்சுல பண்டிகை இருந்தாலும் போவா."

"எனக்கு எதுக்குப்பா இந்தத் தலைவலி?" என்றார் பேட். "ஜூலியா எல்லாத்தையும் செஞ்சு மூடி வச்சிட்டுத்தான் போறா. நான் சூடு பண்றேன். நல்ல பேரு வருது."

"ஐலி போகலன்னா ஜூலியாவும் போக மாட்டேன்னு சொல்லியிருக்கா, பையா. அன்னிக்குப் பூரா வீட்டுலதான்," என்றார் ஃபின்பார்.

பேட் கொஞ்ச நேரம் மாட்டைப் பார்த்தார். "கேரட்ட நான் பாத்துக்கறேன்," என்றார்.

டைக்குக்கு உருளைக்கிழங்கு என்று ஒருவரும் சொல்லவில்லை. சொல்லத் தேவையிருக்கவில்லை. மசியல் வண்டியில் போகும், வாத்துக் கொழுப்பில் பொரித்துச் சுடுவது போகாது, வழியிலேயே தொய்ந்துவிடும் என்றார். பாதி அவித்து, குலுக்கி, ஓரம் சிராய்த்துத் தருவேன். அவனவன் ஓவனில் அவனவன் சிவக்க வைத்துக்கொள்ளவேண்டும். "கொழுப்பு பொகையிற வரைக்கும் பொறுமையா இருங்கடா. அவசரப்பட்டா அது உருளக்கிழங்கு இல்ல, நனைஞ்ச சாக்ஸு." அவர் வாழ்நாளில் பேசிய மிக நீளமான பேச்சு அது.

பேட்டுக்குக் கேரட், பார்ஸ்னிப் மசியலோடு குட்டிக் கோஸும் சேர்ந்தது. கஸ் ரொட்டித்தூளும் வெங்காயமும் தைம் இலையும் வெண்ணெயில் பிசைந்து பூரணம் செய்வார். சாறும் அவர் பொறுப்பு. ஃபின்பாருக்குப் பட்டாணியும், வீட்டு வேனை ஓட்டுவதும். பட்டாணி சுலபம் என்பதால் அவருக்குக் கொடுத்தார்கள். காய்ந்த பட்டாணி, முந்தின நாள் ஊறப்போட்டு மறுநாள் வேகவைத்தால் தீர்ந்தது.

நாலு வீட்டிலும் அன்று இரவுச் சாப்பாட்டில் ஒரே வீரம் பேசப்பட்டது. "இந்த வருஷம் நீ ஒண்ணும் செஞ்சு வைக்க வேணாம். நானே செய்றேன்." ஃபின்பார் கிளப்பிவிட்ட ரோஷம் என்று பெண்கள் நினைத்துக்கொண்டார்கள். ஜூலியா மட்டும் ஒரு டஜன் முட்டையைப் பேட்டுக்குத் தெரியாமல் ஒளித்துவைத்தார், பிள்ளைகள் பட்டினி கிடக்கக்கூடாதே என்று.

பட்டாணிப் பெட்டி ஒவ்வொன்றோடும் ஒரு சமையல் சோடா வில்லை வரும். ஊறவைக்கும் நீரில் அதைக் கரைத்தால் தோல் இளகும். ஃபின்பார் பெட்டிகளை லாரியின் முன்கண்ணாடிக்குக் கீழே போட்டு வைத்திருந்தார். ஈரத்தில் வில்லைகள் காகிதத்தோடு ஒட்டிக் கூழாகிப்போயின. பரவாயில்லை, சோடா என்றால் சோடாதான். ஐலி ரொட்டிக்கு வைத்திருக்கும் சோடா டப்பா அலமாரியில் இருந்தது. பட்டாணியைக் கொட்டகையில் ஒரு சுத்தமான பால் கேனில் ஊறப்போட்டார். எவ்வளவு சோடா என்று பெட்டியில் எழுதவில்லை. ஆனால் ஃபின்பாருக்குப் பால் கேனைத் தெரியும். கேன் கழுவும்போது சோடா ஒரு பிடி. கேன் அதே கேன். ஒரு பிடி போட்டார்.

ஆறாம் தேதி மதியம் ஜூலியாவின் கார் வந்து வாசலில் ஹாரன் அடித்தது. ஐலி நல்ல கோட்டைப் போட்டுக்கொண்டு கூடத்தில் நின்றார். போக மனமில்லாத நிற்பு அது.

"அடுப்ப முதல்ல பத்தவை," என்றார்.

"தெரியும்."

"வீட்டப் பத்தவைக்காத."

"முயற்சி பண்றேன்."

கார் திருப்பத்தில் மறைந்ததும் ஃபின்பார் கொட்டகைக்கு ஓடினார். கேனைத் திறந்தார். பட்டாணி அந்த ஊர்த் தபால் நிலையக் கதவு மாதிரிப் பச்சையாக இருந்தது. மேலே நுரை. ரொம்ப நன்றாக ஊறியிருக்கிறது என்று எண்ணினார். வேகவைத்தார். கொதி வருவதற்கு முன்பே பாதி கரைந்து பாசியாகிவிட்டது. உப்பும் வெண்ணெயும் போட்டார். ருசி பார்க்கவில்லை. பால் லாரிக்காரன் பாலைக் குடித்துப் பார்ப்பதில்லை. அது வேறு ஆளின் வேலை.

வேனின் பின்னால் உருளைக்கிழங்குப் பெட்டிகளை அடுக்கி வைக்கோல் திணித்திருந்தார். சூடான பாத்திரத்தை வைக்கோலில் புதைத்து மேலே கம்பளி போட்டு மூடினால் வெகுநேரம் சூடு போகாது. டைக் வீட்டில் மசியல் ஏறியது. பேட் வீட்டில் கேரட் ஏறியது. பேட்டின் நாலு விரலில் கட்டு இருந்தது, முகத்தில் பெருமை இருந்தது. கஸ்ஸின் முற்றத்தில் எல்லாவற்றையும் இறக்கி, நாலாகப் பங்கிட்டார்கள். கஸ் அகப்பையைத் தட்டித் தட்டி மட்டம் செய்து அளந்தார். பிறகு மறுபடியும் வைக்கோல், கம்பளி, கதவு.

பேட் வீட்டுப் பங்கையும் டைக் வீட்டுப் பங்கையும் கொடுத்துவிட்டுத் திரும்பும் வழியில், சாலையோரத்தில் ஃபாதர் க்வில் நின்று கையைக் காட்டினார். இளம் உதவிப் பாதிரியார். அவருடைய காரில் காற்றுப் போயிருந்தது. பாதிரியாரை நிற்கவைத்துவிட்டுப் போக முடியாது. ஏற்றிக்கொண்டார். சாறு இருந்த பானை முன் இருக்கையில் இருந்தது. அதை ஃபாதர் மடியில் வைத்துக்கொள்ளவேண்டியதாயிற்று.

"என்ன வாசன இது, ஃபின்பார்?"

"வாசனையா, ஃபாதர்?"

"தைம் எல. வெங்காயம். வெண்ண."

"பின்னால வைக்கோல் இருக்கு, ஃபாதர்."

"வைக்கோல்லேர்ந்து வெண்ண வாசன வருமா?"

"மாடு தின்னா வரும்." இது உண்மைதான். நறுக்கிய உண்மை.

ஃபாதர் மடியிலிருந்த பானையைப் பார்த்தார். மூடியைக் கொஞ்சம் தூக்கினார். மறுபடி மூடினார். "நான் கேக்காம இருந்தா ஒனக்குப் பாவம் கொறையும், இல்லையா?"

"ரொம்பக் கொறையும், ஃபாதர்."

பாதிரியார் வீட்டுக்கு எதிரே பப். இறக்கிவிட வண்டியை நிறுத்தித்தான் ஆகவேண்டும். ஃபின்பார் தொப்பியைப் புருவம் வரை இழுத்துக்கொண்டார். அப்படியும் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

ஜன்னல் ஓரத்து மூலையில் ஐலி உட்கார்ந்திருந்தார். சுற்றிலும் பெண்கள். ஜூலியா எழுந்து நின்று யாரையோ போல நடித்துக் காட்டிக்கொண்டிருந்தார்; பெரிய வயிறு, கையில் கரண்டி. பேட்தான். எல்லோரும் மேஜையைத் தட்டிச் சிரித்தார்கள். ஐலியும் உதட்டை அந்தப் பக்கம் இழுத்துவைத்திருந்தார். கண் அதில் சேரவில்லை. அவர் எதிரே ஒரு காலி நாற்காலி இருந்தது. கூட்டம் அவ்வளவு இருந்தும் அதில் ஒருவரும் உட்காரவில்லை.

ஃபின்பார் வண்டியை மெதுவாக நகர்த்தினார். கஸ்ஸுக்கு அவர் பங்கு ஏற்கெனவே முற்றத்திலேயே தங்கிவிட்டது. இனி மிச்சம் ஒரு வீடுதான். அவர் வீடு.

இருட்டும் நேரத்தில் ஐலி வந்தபோது எல்லாம் மேஜையில் இருந்தது. அத்தனையிலிருந்தும் ஆவி வந்தது. டைக் சொன்னபடி கொழுப்பு புகையும்வரை பொறுத்ததால் உருளைக்கிழங்கு தங்கக் கட்டி மாதிரிச் சிவந்திருந்தது. ஒரு மூலை மட்டும் கரி. அது இருந்தால்தான் நம்புவார்கள் என்று ஃபின்பார் வேண்டுமென்றே விட்டிருந்தார். பிள்ளைகள் கை கழுவி, கண் அகல விரித்து உட்கார்ந்திருந்தார்கள்.

ஐலி கோட்டைக் கழற்றாமல் மேஜையை ஒரு சுற்றுச் சுற்றினார். அடுப்படிக்குப் போய்ப் பார்த்தார். குப்பைக்கூடையைத் திறந்து பார்த்தார். கேரட் தோல் ஒன்றுகூட இல்லை.

"தோலெல்லாம் எங்க?"

"பன்னிக்குப் போட்டாச்சு." போடப்பட்டதுதான். பேட் வீட்டுப் பன்றிக்கு.

ஐலி உட்கார்ந்தார். மசியலில் ஒரு வாய் எடுத்தார். பூரணத்தில் ஒரு வாய். புருவம் ஒரு நூல் ஏறியது. கேரட்டைக் கிளறினார்; அதிலிருந்து ஒரு வைக்கோல் குச்சியை எடுத்து, தட்டின் ஓரத்தில் நேராக வைத்தார். ஃபின்பார் கூரையைப் பார்த்தார்.

பிறகு பட்டாணி.

ஐலி மென்றார். மெல்வதை நிறுத்தினார். பிள்ளைகளில் ஒன்று அதற்குள் துப்பியிருந்தது.

"ஃபின்பார்."

"ம்."

"இதுல என்ன போட்ட?"

"சோடா."

"எவ்ளோ?"

ஃபின்பார் கையை நீட்டி, மூடிக் காட்டினார். லாரி ஓட்டுபவரின் கை. பெரிய கை.

ஐலி அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். தோள் குலுங்க ஆரம்பித்தது. முகத்தை மேஜைத்துணியில் புதைத்துக்கொண்டார். அழுகிறார் என்றே ஃபின்பார் நினைத்தார். போயிற்று, தோற்றாயிற்று, கதவு மூடிவிட்டது. எழுந்து பக்கத்தில் போனார். அப்போதுதான் சத்தம் வந்தது. அது அழுகை இல்லை. மூச்சுக்குத் தவிக்கிற, கொக்கரிக்கிற, மரியாதையே இல்லாத சிரிப்பு. நோனியோடு மூலையில் உட்கார்ந்து சிரிக்கிற சிரிப்பு.

"சோப்பு," என்றார் மூச்சு வந்ததும். "மனுஷா, எனக்குச் சோப்பத் திங்கக் குடுத்திருக்க."

அந்த நேரம் பார்த்து டெலிபோன் அடித்தது. ஐலி கண்ணைத் துடைத்துக்கொண்டு எடுத்தார். மறுமுனையில் ஜூலியாவின் குரல் அறை முழுவதும் கேட்டது.

"ஐலி, ஒரு சந்தேகம். ஒங்க வீட்டுப் பட்டாணி எப்பிடி இருக்கு?"

ஐலி திரும்பிக் கணவரைப் பார்த்தார்.

"ஏன் கேக்குற, ஜூலியா?"

"எங்க வீட்டுது துணி தொவைக்கிற தண்ணி மாதிரி இருக்கு. இவரு நான்தான் செஞ்சேன், நான்தான் செஞ்சேன்னு சத்தியம் பண்றாரு. அப்ப டீசி வீட்டுலேர்ந்து போன் வந்துச்சு. அங்கயும் சோப்பாம்."

"கிங்ஸ்டன் வீட்டுல?"

"அவங்க ரெண்டாவது தடவ போட்டுச் சாப்பிடுறாங்களாம். கஸ் வீணாக்க மாட்டாரு."

ஐலி போனை வைத்தார். தட்டிலிருந்த வைக்கோல் குச்சியை எடுத்து விரலில் சுற்றினார்.

"நாலு திருடங்க," என்றார்.

"ஒரு பொம்பள கையும் படல," என்றார் ஃபின்பார்.

அதை ஐலி வெகுநேரம் புரட்டிப் பார்த்தார். ஓட்டை கிடைக்கவில்லை.

"சரி," என்றார் கடைசியில். "அடுத்த வருஷமும் போறேன்."

அதன்பிறகு பெண்கள் சும்மா இருப்பார்களா. அடுத்த ஜனவரியில் நாலு பேரும் பேசிவைத்துக்கொண்டு, கோட்டைப் போட்ட பிறகு, வாசற்படியில் நின்று ஆளுக்கொரு விருப்பம் சொன்னார்கள். ஒருத்திக்குப் பார்ஸ்னிப் மசிக்காமல் நீளவாக்கில் வேண்டும். ஒருத்திக்குப் பூரணத்தில் வெங்காயம் கூடாது. கஸ்ஸின் மனைவிக்குச் சிவப்பு முட்டைக்கோஸ், ஆப்பிள் போட்டு. ஐலி, மசியலில் வெங்காயத்தாள் நறுக்கிப் போடு, நடுவில் குழி பறித்து வெண்ணெய் ஊற்று என்றார். ஆண்கள் அன்று பட்ட பாட்டைப் பேட் சாகும்வரை மன்னிக்கப் போவதில்லை என்கிறார். ஆனால் கற்றுக்கொண்டார்கள். பத்து வருடத்தில் டைக்கின் உருளைக்கிழங்குக்காக உறவுக்காரர்கள் மற்ற நாட்களிலும் வர ஆரம்பித்தார்கள். கஸ், தைம் செடியைத் தொட்டியில் வளர்த்துப் பால் கொட்டகை ஜன்னலில் வைத்தார்.

ஃபின்பார் மட்டும் முன்னேறவில்லை. பட்டாணி ஒரு வருடம் கல்லாக இருக்கும், ஒரு வருடம் கஞ்சியாக இருக்கும். சோடா என்றாலே பயம் வந்துவிட்டது. ஒவ்வொரு வருடமும் ஐலி ஒரு வாய் தின்று, "எவ்ளோ?" என்பார். அவர் விரல்நுனியைக் காட்டுவார். "கோழ," என்பார் ஐலி.

பிள்ளைகள் வளர்ந்து வெளியே போனார்கள். ஒருத்தி பொறியியல் படித்துவிட்டு வந்து, வைக்கோல் பெட்டியில் சூடு எவ்வளவு நேரம் நிற்கும் என்று கணக்குப் போட்டுக் காட்டினாள். ஃபின்பார் முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு இன்னொரு கம்பளியை எடுத்து மேலே போட்டார். கணக்கும் அதைத்தான் சொன்னது.

டைக் முதலில் போனார். அவர் மகன் உருளைக்கிழங்கை எடுத்துக்கொண்டான்; பேச்சும் அப்பாவைப் போலவே.

ஃபின்பாருக்கு நுரையீரல் கெட்டது கடைசி இரண்டு வருடத்தில். படுக்கையைக் கீழ்த்தளத்துக்குக் கொண்டுவந்து, அடுப்படி தெரிகிற மாதிரிப் போட்டார்கள். பக்கத்தில் ஆக்சிஜன் இயந்திரம், சீராக மூச்சு விடும். அவர்தான் சீராக விட மாட்டார். அவருடைய கடைசி ஜனவரியில் ஐலி சொன்னார்:

"நான் போகல. ஒன்ன யாரு பாத்துக்குவா?"

"கஸ் வரான். பேட் வரான்."

"அவங்கள யாரு பாத்துக்குவா?"

"நீ போகலன்னா நான் பட்டாணி போடுவேன். கைப்பிடி."

"போடேன், பாப்போம்."

"ஐலி." மூச்சு வாங்கியது. "ஒருக்கா விட்டா அப்புறம் வராது. ஒனக்குத் தெரியும்."

ஐலி போனார். ஒரு ஷெரி குடிக்கிற நேரம்தான். அதற்குள் இங்கே இரண்டு கிழவர்கள் அடுப்படியில் முட்டிக்கொண்டார்கள். பட்டாணிப் பாத்திரத்தைப் படுக்கைக்குக் கொண்டுவரச் சொல்லி, ஃபின்பார் தானே கிளறினார், தானே ருசி பார்த்தார். வாழ்நாளில் முதல் தடவை. பட்டாணி முழுசாக, மெத்தென்று, உப்பு உறைத்து, இருக்கவேண்டிய மாதிரியே இருந்தது.

ஐலி வந்து படுக்கை ஓரத்தில் தட்டை வைத்துக்கொண்டு ஒரு வாய் தின்றார். நிறுத்தினார். அவரைப் பார்த்தார்.

"சோடா பத்தல," என்றார்.

ஃபின்பார் சிரித்ததில் இயந்திரத்தின் மணி அடித்துவிட்டது.

மார்ச்சில் இறந்தார். இறுதி ஊர்வலத்துக்கு வழியில் இருந்த ஒவ்வொரு பண்ணையிலும் கேட்டைத் திறந்துவைத்திருந்தார்கள், லாரி வருவதுபோல.

அந்தக் கிறிஸ்துமஸுக்கு வீட்டிலிருந்து அட்டை போகவில்லை. ஜனவரி ஆறாம் தேதி மதியம் ஜூலியாவின் கார் வாசலில் வந்து ஹாரன் அடித்தது. ஐலி கதவைத் திறந்தார். கோட் போட்டிருக்கவில்லை.

"நான் வரல, ஜூலியா. நீங்க போங்க. எனக்கு அடுப்புல வேல இருக்கு."

அடுப்பு பற்றவைக்கப்படவே இல்லை.

காரின் பின் இருக்கையிலிருந்து கஸ் இறங்கினார். எண்பது தாண்டிவிட்டது, இறங்க நேரமாயிற்று. கையில் ஒரு பெட்டி, நிறைய வைக்கோல், நடுவில் மூடிய பாத்திரம். படியேறி வந்து, கேட்காமல் உள்ளே போய், மேஜையில் வைத்து, மூடியை எடுத்தார். ஆவி வந்தது. பட்டாணி தபால் நிலையக் கதவு மாதிரிப் பச்சையாக இருந்தது.

ஐலி நின்றபடியே ஒரு கரண்டி எடுத்து வாயில் போட்டார். மென்றார். மெல்வதை நிறுத்தினார்.

"எவ்ளோ?"

கஸ் கையை நீட்டி, மூடிக் காட்டினார். மெலிந்த கை, ஆனாலும் பிடி பிடிதான்.

ஐலி மேஜையைப் பிடித்துக்கொண்டார். தோள் குலுங்கியது. வாசலில் ஜூலியா மறுபடி ஹாரன் அடித்தார், இந்தத் தடவை நீளமாக.

"அவகிட்ட ஹாரன் அடிக்க வேணாம்னு சொல்லுங்க, கஸ்," என்றார் ஐலி கண்ணைத் துடைத்துக்கொண்டு. "கோட்ட எடுத்துட்டு வரேன்."